வெறுங்குலையா, தேங்காய் மட்டையா: ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு நார்த் தொழிலுக்கான தேர்வு

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணாம் ஆற்றங்கரையில் இருக்கும் ஊத்தான் மெலிந்தாங்கைச் சுற்றி இரண்டு வகை நார் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. செம்பனை ஆலைகளிலிருந்து பழம் உதிர்த்த வெறுங்குலை வெளியேறுகிறது. பாகான் டத்தோ வரை பரவியிருக்கும் தென்னந்தோப்புகளில் காய் உரித்த இடத்திலேயே மட்டை குவிகிறது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சேமிப்பைத் திரட்டிக் கூட்டுறவு முறையில் ஒரு தொழில் தொடங்கலாமா என்று பேசும்போது இந்த நார்களின் மேல் கண் போவது இயல்பே. கயிறு, துடைப்பம், கால்மிதி என்ற பழைய வரிசையைத் தாண்டி, கார்க் கதவின் உட்பலகை, சாலைச் சரிவுக்கான விரிப்பு, ஒலியை உறிஞ்சும் அட்டை, நீர் வடிக்கும் பாய் என்று உடுத்துவதற்கல்லாத துணிகளுக்கு, அதாவது தொழில்நுட்ப ஜவுளிக்கு, தாவர நார்களை உலகம் முழுவதும் பயன்படுத்தி வருகிறார்கள். ஆகவே எந்த நாரை எடுத்து எந்தப் பயனுக்கு உருமாற்றுவது என்பதே முதலில் முடிவு செய்ய வேண்டியது.

இந்தக் கட்டுரை நான்கு வழிகளை எடைபோடுகிறது: செம்பனை வெறுங்குலை நார், கெனாஃப் என்ற நார்ச்செடி, அன்னாசி இலை நார், தென்னை நார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரின் அளவுக்கும் முதலுக்கும் தென்னை நாரில் செய்த மண்காப்பு விரிப்பும் (மண் அரிக்காமல் சரிவை மூடும் பாய்) நார் உருளையுமே (வலைக்குழாயில் நாரைத் திணித்தது) முதல் தேர்வாக இருக்க வேண்டும். மற்றவற்றைத் தள்ளுவதற்கான காரணங்கள் ஒன்றுபோல் இல்லை. அவற்றில் ஒன்று, நிலைமை மாறினால், மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதும்கூட.

நார்களை ஒப்பிடும் எவரும் முதலில் நீட்டுவது பலத்தின் அட்டவணையைத்தான். தென்னை நாரின் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுபடாமல் தாங்கும் திறன், ஏறத்தாழ 130 முதல் 220 மெகாபாஸ்கல் வரை. கெனாஃப் 200 முதல் 900 வரை. அன்னாசி இலை நார் 400-இல் தொடங்கி 1,600 வரை என்று ஆய்வு நூல்கள் தருகின்றன. கண்ணாடி இழை 2,000-ஐத் தாண்டும். இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் அன்னாசிக்குத்தான் மாலை போட வேண்டியிருக்கும். ஆனால் அந்த எண்களின் அகலத்தைப் பார்த்தாலே அவற்றின் குறை விளங்கும்: ஒரே செடியின் நார், வெட்டிய வயது, ஊறவைத்த நாள், உலர்த்திய விதம் ஆகியவற்றுக்கேற்ப மூன்று நான்கு மடங்கு மாறுகிறது. கார் உதிரிபாகம் செய்பவர் கேட்பது அதிக பலத்தை அன்று, மாறாத பலத்தை. அத்துடன் தாவர நார் ஈரத்தை உறிஞ்சும். 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை நெருங்கும்போதே சிதையத் தொடங்கும். மண்ணில் கிடந்தால் மக்கும். பிளாஸ்டிக்குடன் கலந்து பலகை செய்பவர்கள் இந்த மூன்றையும் எதிர்த்துத்தான் வேலை செய்கிறார்கள். அந்தப் போராட்டத்துக்கு வேதிப் பூச்சு, துல்லியமான உலர்கூடம், தரச் சான்றிதழ், சோதனைக்கூடம் எல்லாம் வேண்டும்; அவை பெரிய நிறுவனங்களுக்கு இயல்பானவை, நமக்கு அல்ல.

எனவே எந்த நார் வலியது என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்தப் பயனில் நாரின் மக்கும் குணமே வாங்குபவருக்குத் தேவையாக இருக்கிறது என்று கேட்பதுதான் நமக்குப் பொருத்தம். அப்படிப்பட்ட பயன்கள் பெரும்பாலும் மண்ணோடு தொடர்புடையவை. அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கழிவு கிடக்கும் இடத்துக்கும் இயந்திரம் நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம், அந்தக் கழிவின்மேல் யாருக்கு உரிமை.

முதலில் வெறுங்குலை. 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிக அளவில் செம்பனை நடப்பட்டதிலிருந்து நூறாண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் அதற்குக் குறைவில்லை. பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 20 முதல் 23 விழுக்காடு வரை, வெறுங்குலையாக வெளியேறுகிறது. மணிக்கு 60 டன் குலையை எடுத்துக்கொள்ளும் ஆலை மணிக்கு 12 டன்னுக்கு மேல் வெறுங்குலையைத் தள்ளுகிறது. அளவைப் பார்த்தால் இதற்கு நிகரான மூலப்பொருள் வேறில்லை. குலையைக் கிழித்து, பிழிந்து, உலர்த்தி, சலித்து, நீள நாராகக் கட்டுப் போடும் தொழில் மலேசியாவில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நாரில் பெரும்பகுதி மெத்தைக்காகச் சீனாவுக்குப் போயிருக்கிறது. மண்ணில் விரிக்கும் பாயாகச் செய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஆகையால் இது ஆய்வுக்கூடக் கனவு அன்று.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஈரம். ஒரு டன் குலையில் 650 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதை 15 விழுக்காடு ஈரத்துக்கு இறக்க 590 கிலோ அளவுக்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கையில் மிஞ்சுவது 410 கிலோ. அதிலும் குறுநாரும் தூசியும் கழிந்துவிட்டால் நீள நார் இன்னும் குறையும். பிழிபொறி ஒரு பகுதித் தண்ணீரை எடுத்துவிடும் என்றாலும் மீதியை வெப்பத்தால்தான் விரட்ட முடியும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்யும் நாட்டில் வெயிலை நம்பி நார் உலர்த்த முடியாது. ஆலைக்குள் கொதிகலனின் மிச்ச வெப்பம் கிடைக்கிறது. ஆலைக்கு வெளியே நிற்பவர் அந்த வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்த ஒரு காரணத்தாலேயே வெறுங்குலை நார் என்பது ஆலை முதலாளியே செய்தால் இலாபம் தரும் தொழில், வெளியார் செய்தால் எரிபொருள் கணக்கில் கரையும் தொழில்.

இன்னும் இரண்டு சிறு தொல்லைகள் உண்டு. நாரின் மேற்பரப்பில் சிலிக்கா மணிகள் பதிந்திருப்பதால் கிழிக்கும் கத்திகள் விரைவில் மழுங்கும். நாரில் ஒட்டியிருக்கும் எண்ணெய் பசையோடும் ரப்பரோடும் சரியாகப் பிணையவிடாது. இவற்றைச் சமாளிக்கலாம். உரிமைச் சிக்கலைத்தான் சமாளிப்பது கடினம். வெறுங்குலை கழிவு என்று நாம் சொன்னாலும் தோட்ட நிருவாகத்துக்கு அது உரம். முன்பு எரித்துச் சாம்பலைத் தூவினார்கள். புகை காரணமாக அந்த வழக்கம் நின்ற பிறகு, ஹெக்டருக்கு ஏறத்தாழ 40 டன் என்ற அளவில் செம்பனை வரிசைகளுக்கிடையே பரப்புகிறார்கள். அதிலுள்ள பொட்டாசியத்துக்கு உரக் கடையில் விலை இருக்கிறது. உர விலை ஏறும் ஆண்டில் ஆலை வெறுங்குலையை வெளியே விடாது. அரசின் 2023–2030 தேசிய உயிர்ப்பொருள் செயல்திட்டம் வேளாண் கழிவுகளுக்கு ஊக்கம் தருவது நல்லதுதான். ஆனால் அந்த ஊக்கத்தால் எரிகட்டி செய்பவரும் கொதிகலன் வைத்திருப்பவரும் அதே குலைக்குப் போட்டியிட வருவார்கள். அந்த ஏலத்தில் ஒரு சிறு கூட்டுறவு நிற்பது கடினம்.

கெனாஃப் வேறு வகைக் கதை. புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த இந்தச் செடி, ஆசியான் தடையற்ற வணிகத்தால் புகையிலைக்குப் பாதுகாப்பு குறையவிருந்த நிலையில், கிளந்தான், திரங்கானு விவசாயிகளுக்கு மாற்றுப் பயிராக முன்வைக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய கெனாஃப், புகையிலை வாரியம் உருவானது. நான்கு மாதத்தில் ஆள் உயரத்தைப் பெரிதும் தாண்டி வளரும். தண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு பட்டை நார், மீதி உள்தண்டு. 2013-இல் வந்த ஃபோர்டு எஸ்கேப்பிலும் பி.எம்.டபிள்யூ. ஐ3-இலும் கதவின் உட்பகுதிக்குக் கெனாஃப் பயன்பட்டது. இப்படிப் பட்டியலைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் மற்ற மூன்றும் ஏற்கெனவே விளைந்த பயிரின் மிச்சம். கெனாஃப் மட்டும் நாருக்காகவே நடப்பட வேண்டியது. அதற்கு நிலம் வேண்டும், உரம் வேண்டும், உரிய நாளில் வெட்ட வேண்டும். பகல் நீளம் குறைந்த நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது சீக்கிரம் பூத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் பழக்கமுடையது. வி36 போன்ற இரகங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வெட்டிய தண்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் நல்ல நார் கிடைக்கும். ஊறல் தண்ணீர் நாறும், கால்வாயில் விட முடியாது. உலர்வாகப் பிரித்தால் நாரோடு தூசி கலக்கும். இவ்வளவும் கடந்து வந்தால் வாங்குபவர் கார்த் தொழிலின் முதல் நிலை வழங்குநராக இருப்பார். அவர் கேட்கும் தரச் சான்றிதழும் ஆண்டுக்கணக்கான சோதனையும் நம் கூட்டுறவின் முதலை முதல் காரின் உதிரிபாகம் வெளிவருவதற்கு முன்பே தின்றுவிடும். பாகான் டத்தோவின் கனமான கடலோரக் களிமண்ணில் செம்பனையும் தென்னையும் நன்றாக வரும்போது அந்த நிலத்தைக் கெனாஃபுக்குக் கொடுக்க எந்தச் சிறுதோட்டக்காரரும் முன்வரமாட்டார், முன்வராதது சரியும்கூட.

அன்னாசி இலையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. நார் மெல்லியது, பளபளப்பானது, வலியது. தோலுக்கு மாற்றான துணியாக ஐரோப்பாவில் விலைபோகிறது. ஆனால் 100 கிலோ பச்சை இலையிலிருந்து உலர்ந்த நார் 2 அல்லது 3 கிலோதான் கிடைக்கும். இலையை வெட்டிய சில நாட்களுக்குள், காயாமல் இருக்கும்போதே பொறியில் கொடுத்துவிட வேண்டும். மலேசியாவின் பெரிய அன்னாசித் தோட்டங்கள் ஜொகூரின் பொந்தியான், சிம்பாங் ரெங்கம் பக்கத்துக் கரிமண்ணில் இருக்கின்றன. அங்கிருந்து லாரியில் 97 பங்கு தண்ணீரையும் சக்கையையும் இங்கே ஏற்றி வருவதில் பொருளில்லை. பொந்தியானில் இருக்கும் தமிழர் ஒருவர் இதே கட்டுரையை எழுதினால் வேறு முடிவுக்கு வரலாம்.

இனித் தென்னை நார். பலத்தின் அட்டவணையில் கடைசியில் நிற்கும் இந்த நார், மண்ணில் போட்டால் முதலிடத்துக்கு வருகிறது. நாரை எளிதில் மக்கவிடாத லிக்னின் என்ற பொருள் அதில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதே காரணம். வளமான மண்ணில் நார்களைப் புதைத்து நடத்திய சோதனைகளில் பருத்தி ஏறத்தாழ ஆறு வாரத்திலும் சணல் எட்டு வாரத்திலும் சிதைந்துபோக, தென்னை நார் ஓராண்டு கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு பலத்தைத் தக்கவைத்திருந்தது. திறந்த சரிவில் விரித்த விரிப்பு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். சரிவில் புல் வேர்பிடிக்கச் சில மாதங்களே போதும் என்பதால், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வரை விரிப்பு தாங்கும். பிறகு தானே மண்ணாகிவிடும். சணல் இதற்கு முன்பே கைவிடும். பாலிப்புரொப்பிலீன் வலை இதற்குப் பிறகும் போகாமல் கிடக்கும். அறுபடும் முன் 15 முதல் 40 விழுக்காடு வரை நீளும் இயல்பும் தென்னை நாருக்கு உண்டு. மேடுபள்ளமான சரிவில் விரிப்பு மண்ணோடு ஒட்டிக் கிடக்க அதுவும் உதவுகிறது.

இந்தப் பயன் புதிதன்று, அதனால்தான் நம்பத்தக்கது. இந்தியாவில் தென்னை நார் மண்காப்பு விரிப்புக்கு ஐ.எஸ். 15869 என்ற தரநிலையும், சாலை, இரயில்பாதைச் சரிவுகளில் அதைப் பயன்படுத்தும் வழிகாட்டியாக ஐ.எஸ். 15872-உம் இருக்கின்றன. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் தென்னை நார் விரிப்பைப் பயன்படுத்த 2020-இல் இசைவு தரப்பட்டது. சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்ற எடைகளில் நெய்த விரிப்புகள் அங்கே வழக்கத்தில் உள்ளன. மலேசியாவில் மண்ணரிப்பைக் கட்டுப்படுத்தும் திட்டம் ஒன்றைக் கட்டுமானத்துக்கு முன்பே நீர்ப்பாசன வடிகால் துறையிடம் ஒப்படைக்க வேண்டிய நடைமுறை இருக்கிறது. அத்துறையின் நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் 2012-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு மண்ணரிப்பு விரிப்பைக் கட்டுப்பாட்டு முறைகளில் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. அதாவது இந்தப் பொருளுக்கு வாங்குபவரை நாம் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் நிற்க வேண்டும்.

எவ்வளவு மட்டை வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். ஆயிரம் மட்டையிலிருந்து பொறியால் பிரித்தால் 80 முதல் 90 கிலோ நார் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 400 கிராம் என்றால் ஆயிரம் மட்டை ஏறத்தாழ 200 சதுர மீட்டர் விரிப்பாகிறது. ஒரு ஹெக்டர் சரிவை மூட நான்கு டன் நார், அதாவது ஏறத்தாழ 50,000 மட்டை தேவைப்படும். ஹெக்டருக்கு ஆண்டுக்கு 10,000 காய் என்று எடுத்துக்கொண்டால் ஐந்து ஹெக்டர் தோப்பின் ஓராண்டு மட்டை ஒரு ஹெக்டர் சரிவுக்குச் சரியாகிறது. பாகான் டத்தோ வட்டாரம் தீபகற்ப மலேசியாவின் முதன்மையான தென்னைப் பகுதிகளில் ஒன்று. சிறு தொழிற்சாலை ஒன்றுக்கு மட்டைப் பஞ்சம் வராது. தேங்காய்ப் பால் எடுப்பதற்கான முற்றிய காய் பெரும்பாலும் தோப்பிலேயே உரிக்கப்பட்டு லாரி ஏறுவதால் மட்டை ஓரிடத்தில் கிடைக்கிறது. இளநீர்க் கூடு அப்படியன்று, அது ஊர் ஊராகச் சிதறி, ஈரத்தோடு கிடக்கும். முதல் சில ஆண்டுகளுக்கு இளநீர்க் கூட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை மறைக்கக்கூடாது. மட்டையும் வெறுங்குலையைப் போலப் பொட்டாசியம் நிறைந்தது. தோப்பிலிருந்து முழுவதும் அள்ளிக்கொண்டு போனால் மண் இளைக்கும். சிறுதோட்டக்காரரிடம் மட்டைக்கு விலை பேசும்போது இந்த இழப்பையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை. மூன்றில் ஒரு பங்கு மட்டையைத் தோப்பிலேயே விட்டுவிடும் ஏற்பாடு இருவருக்கும் நீண்ட நாளைக்கு நன்மை தரும்.

அடுத்தது போட்டி. உலகின் தென்னை நாரில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறது. பொள்ளாச்சியிலும் ஆலப்புழையிலும் செய்த விரிப்பு கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் விலையோடு நாம் மோத வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). கயிறு திரித்து, அந்தக் கயிற்றைத் தறியில் நெய்யும் விரிப்பில் கைவேலை மிகுதி. அந்தக் களத்தில் நாம் தோற்போம், தோற்றே தீருவோம். ஆனால் நெய்யாமல், உதிரி நாரை இரண்டு மெல்லிய வலைகளுக்கிடையே பரப்பித் தைத்துச் சுருட்டும் விரிப்பில் வேலையைப் பொறியே செய்கிறது. உதிரி நாரை வலைக்குழாயில் திணித்துச் செய்யும் உருளையோ எடை குறைந்து இடத்தை அடைக்கும் பண்டம். கப்பலில் ஒரு கொள்கலனுக்குள் காற்றையே ஏற்றி வருவதுபோல் ஆகிவிடும். இடத்தை அடைக்கும் பொருளுக்குக் கப்பல் கூலியே உள்ளூர்க்காரரின் காவல். எனவே உருளைதான் நம் முதல் பண்டமாக இருக்க வேண்டும், தைத்த விரிப்பு இரண்டாவது, நெய்த விரிப்பு வேண்டவே வேண்டாம்.

இறக்குமதி விரிப்பைவிடப் பெரிய போட்டி ஒன்று உண்டு. அதைப் பற்றித் தொழில் அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை. மலேசியக் குத்தகையாளர் (ஒப்பந்தக்காரர்) சரிவை மூட வழக்கமாகச் செய்வது மாட்டுப்புல் பத்தையை வெட்டி வந்து பதித்து மூங்கில் ஆணி அடிப்பது, அல்லது விதையையும் காகிதக்கூழையும் கலந்து பீச்சுவது. இரண்டும் மலிவு, இரண்டும் பழக்கப்பட்டவை. ஒருவர் பழகிய மலிவான முறையைக் கைவிட வேண்டுமென்றால் அது அவருக்கு ஏற்கெனவே ஒருமுறையாவது தோற்றிருக்க வேண்டும். எந்த இடத்தில் தோற்கிறது? பீச்சிய விதை முளைக்கும் முன் கனமழை வந்தால் கழுவிக்கொண்டு போகும்; செங்குத்தான சரிவில் பத்தை வழுக்கும்; வாய்க்கால் கரையில் ஓடும் நீர் அடியை அரித்துவிடும். இந்த மூன்று இடங்களை மட்டும் குறிவைத்து, பீச்சும் முறைக்கு எதிரியாக அல்லாமல் அதன்மேல் விரிக்கும் காப்பாக நம் பொருளை விற்க வேண்டும். விதை பீச்சும் குத்தகையாளரே அப்போது நம் முதல் வாடிக்கையாளர் ஆகிவிடுவார்.

விற்கும்போது சொல்லக்கூடாதது ஒன்றும் உண்டு. விரிப்பு மேல்மண் அரிப்பைத் தடுக்கும். மழைத்துளியின் அடியைத் தாங்கும், ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்கும். நிலச்சரிவைத் தடுக்காது. 1993-இல் 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் பேரிடரும் 2022-இல் 31 பேரைப் பலிகொண்ட பத்தாங்காலி பேரிடரும் இந்நாட்டில் சரிவு என்ற சொல்லுக்கே ஓர் அச்சத்தைச் சேர்த்திருக்கின்றன. ஆழத்தில் நிகழும் அத்தகைய சரிவுக்கு நிலத்தடி நீரை வடிப்பதும் பொறியாளர் வடிவமைத்த தாங்கு அமைப்பும்தான் மருந்து. அந்த அச்சத்தைப் பயன்படுத்தி நார் விரிப்பு விற்பவர் பொய் சொல்கிறார். அந்தப் பொய் அம்பலமாகும் நாளில் நல்ல பொருளும் சேர்ந்து சாகும். பெர்ணாம் ஆற்றின் முகத்துவாரச் சேற்றுக்கரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அக்கரையில் சபாக் பெர்ணாம் பக்கத்துச் சுங்கை ஹாஜி டோரானியில் கண்டல் மறுநடவுக்கு முன்னால், அலையை உடைக்க மண் நிரப்பிய பெரிய செயற்கைத் துணிக் குழாய்களைக் கடலில் போட்டார்கள். நேரடி அலையின் முன் நார் உருளை நிற்காது. அலைத்தடுப்புக்குப் பின்னால், வாய்க்காலின் உள்கரையில், தோட்டத்து வடிகால் வாயில்தான் அதற்கு இடம்.

வலையைப் பற்றியும் ஒரு சொல். தைத்த விரிப்பின் இருபுறமும் வரும் வலையை மலிவான பிளாஸ்டிக்கில் செய்தால், நார் மக்கிய பிறகும் வலை கிடந்து பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும். தோட்டக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: எலியைத் தின்பவை அவை. சணல் வலை விலை கூடுதல்தான். ஆனால் மக்கும் பொருள் என்று சொல்லி விற்பதில் மக்காத வலையை வைத்துத் தைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்; இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

தென்னை நார்த் தொழிலின் வரவு நாரில் மட்டும் இல்லை. மட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் நார், மீதியெல்லாம் நார்த்துகள். நாரை மட்டும் கணக்கில் கொண்டு தொடங்கிய பல தொழிற்கூடங்களைச் சுற்றித் துகள் மலைகள் எழுந்து, அவற்றிலிருந்து வடியும் செந்நீர் கிணறுகளில் இறங்கிய அனுபவம் பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களுக்கு உண்டு. நம் பகுதியில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: மக்கும் துகள் குவியல் காண்டாமிருக வண்டுக்குத் தொட்டில். அந்த வண்டு தென்னைக்கும் இளஞ்செம்பனைக்கும் ஒருசேரப் பகை. துகளைக் குவித்து வைக்கும் கூட்டுறவு, தனக்கு மட்டை தரும் தோப்பையே அழிக்கும். ஆனால் அதே துகளுக்கு மலேசியாவில் நல்ல சந்தை இருக்கிறது. சொட்டு நீரில் உரம் கலந்து, பிளாஸ்டிக் பைகளில் மிளகாயும் வெள்ளரியும் பயிரிடும் முறையில் மண்ணுக்குப் பதிலாக இந்தத் துகளையே நிரப்புகிறார்கள். கடலோரத் தென்னையின் துகளில் உப்பு அதிகம் என்பதால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்; தேவைப்பட்டால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துச் சோடியத்தை விலக்க வேண்டும். கழுவித் தரம் பிரித்த துகளுக்கும் கழுவாத துகளுக்கும் உள்ள விலை வேறுபாட்டில்தான் முதல் இரண்டு ஆண்டுகளின் சம்பளச் செலவு ஈடாகும் என்று எதிர்பார்க்கிறேன். விரிப்புக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை அடுப்பெரிய வைக்கப்போவது துகளே.

ஏனெனில் ஒப்புதலுக்குக் காலம் பிடிக்கும். பொறியாளர் கேட்பது பரப்பு எடை, தடிமன், ஈர நிலையில் இழுவலிமை, சரிவில் மண்ணிழப்பு எவ்வளவு குறைகிறது என்ற அளவு ஆகியவை. இவற்றுக்கு ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பின் டி 6475, டி 6818, டி 6459 போன்ற சோதனை முறைகள் இருக்கின்றன. முதல் இரண்டும் சாதாரணமானவை; சரிவுச் சோதனைக்குச் செயற்கை மழையும் பெரிய களமும் வேண்டும். அந்தச் செலவை முதல் நாளே தலையில் ஏற்றிக்கொள்ளாமல், தோட்ட நிருவாகம் ஒன்றிடம் பேசி அதன் வடிகால் கரைகளிலும் செம்மண் பாதையின் ஓரங்களிலும் விரித்து, பக்கத்திலேயே வெறும் மண்ணையும் புல் பத்தையையும் விட்டு, ஒரு முழு மழைக்காலம் அளந்து வைப்பது நல்லது. தனியார் தோட்டம் அரசுத் துறையைப் போல நீண்ட ஒப்புதல் கேட்காது. கரை நின்றதா சரிந்ததா என்று மட்டும் பார்க்கும்.

தென்னை நாரிலேயே மெத்தையும் பொதிமெத்தையும் செய்யும் வழியைச் சிலர் கேட்பார்கள். சுருட்டிய நாரின்மேல் கித்தாப் (ரப்பர்) பால் தெளித்துப் பதப்படுத்தினால் கிடைக்கும் பொருள் பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் கார்களின் இருக்கைக்குள் இருந்தது; இன்றும் நுட்பமான கருவிகளைப் பொதிய உதவுகிறது. கித்தாவும் தென்னையும் சேரும் இந்தப் பொருள் தோட்டத்து மக்களின் மனத்துக்கு நெருக்கமாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் பாலாக விற்காமல் உறைந்த கட்டியாகவே விற்கிறார்கள். கையுறைத் தொழிலுக்கு வேண்டிய செறிவுப் பாலை மலேசியா தாய்லாந்திலிருந்து வாங்குகிறது. பால் உள்ளூரில் கிடைக்கும் என்று நம்பித் தொடங்குபவர் இறக்குமதிப் பாலில் வந்து நிற்பார். ஐந்தாறு ஆண்டு கழித்துப் பார்க்கலாம்.

முதலைப் பற்றிப் பேசும்போது நம் வரலாற்றில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகள்தான் தோட்டங்களையே வாங்கின. அங்கே வாங்கப்பட்டது விளைந்துகொண்டிருந்த நிலம். விலைக்கு வாங்கிய நாளிலிருந்தே அது வருமானம் தந்தது. இங்கே வாங்கப்போவது பொறி; அது தானாக விளையாது. எனவே பங்குப் பணம் முழுவதையும் பொறியில் போட்டுவிடாமல், பாதியைச் செயல்முதலாகக் கையில் வைத்திருப்பது அவசியம்: குத்தகையாளர் பணம் தர மூன்று மாதம் ஆகும், மட்டைக்காரருக்கு நாம் அன்றே கொடுக்க வேண்டும். மட்டை நசுக்கும் பொறி, நார் பிரிக்கும் பொறி, சலிக்கும் உருளை, கழுவும் தொட்டி, உருளை திணிக்கும் பொறி ஆகியவற்றோடு முதல் கட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம். தைக்கும் பொறி இரண்டாம் கட்டம்.

வெறுங்குலைக்குத் திரும்ப வரவேண்டிய நிலைமை ஒன்று உண்டு என்று தொடக்கத்தில் சொன்னதை இங்கே விளக்குகிறேன். பக்கத்து ஆலை ஒன்று தன் வளாகத்துக்குள்ளேயே இடமும், கொதிகலனின் மிச்ச வெப்பமும், பத்தாண்டுக்குக் குறையாத வழங்கல் ஒப்பந்தமும் எழுத்தில் தந்தால், ஈரத்தின் கணக்கும் உரிமையின் கணக்கும் ஒரே நாளில் மாறிவிடும். அப்போது வெறுங்குலை நாரைத் தனியாக விற்காமல், விலை குறைந்த நிரப்பு நாராகத் தென்னை நாரோடு கலந்து, குறுகிய காலமே நிற்கவேண்டிய சமதள விரிப்புக்கும் இளஞ்செம்பனையின் அடியில் போடும் வட்டப் பாய்க்கும் பயன்படுத்தலாம். அந்த வட்டப் பாயை ஆலையின் தோட்டமே வாங்கிக்கொள்ளும். ஒப்பந்தத்தில் கேட்கவேண்டிய ஒரே கடினமான நிபந்தனை, உர விலை எவ்வளவு ஏறினாலும் மாதந்தோறும் தரவேண்டிய குறைந்தபட்ச டன் அளவைக் குறைக்கக்கூடாது என்பது. அதற்கு ஆலை நிருவாகம் இணங்காவிட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு மட்டைக்காரரிடம் திரும்பிவிடலாம்.